முப்பத்தொரு புள்ளி

மே 2, வெள்ளி

நகைக்கடையில் கொடுத்த டைரி. நான்கு மாதமாக அரிசி டிரம் மேல் சும்மா கிடந்தது. இன்று ஆசீர் அத்தான் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். "முப்பத்தொண்ணாந் தேதிக்கு அப்புறம் உன் வாய்க்கு ஆள் கிடைக்காது எப்சி. இப்பமே எழுதிப் பழகிக்கோ." அவர் காதுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை இதைவிட மரியாதையாக ஒரு கணவன் சொல்ல முடியாது.

ஆகவே எழுதுகிறேன். பெயர் எப்சிபா. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர், கூடைப்பந்து கோச். வயது அறுபது. நடுவயது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். நூற்றிருபது வரை இருந்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும். பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'விசில்'. இதற்கு முந்தைய பட்டப்பெயர் இன்னும் மோசம் என்பதால் இதை நான் ஆதரிக்கிறேன்.

31-ம் தேதி ஓய்வு. 28-ம் தேதி பாராட்டு விழா. சிறப்பு விருந்தினர் யார் என்று பிரின்சிபால் மேடம் ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஆபீஸ் கிளார்க் அரை டீயில் சொல்லிவிட்டார். நம் பழைய மாணவி வசுமதி. இன்ஸ்பெக்டர் வசுமதி. 2002-ல் பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளி எடுத்து நமக்குக் கோப்பை வாங்கித் தந்த வசுமதி.

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

மே 5, திங்கள்

என் அறையின் நிலைவாசலுக்குக் குனிந்து உள்ளே வந்த மாணவி என் சர்வீஸில் ஒருத்திதான். இன்று அதே மாதிரி குனிந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். முகத்தைப் பார்க்கும் முன்பே யாரென்று தெரிந்துவிட்டது.

"மேடம், சுகமா இருக்கியளா? இசக்கியம்மா."

இருபத்துமூன்று வருடம். தலையில் கொஞ்சம் நரை, காலில் ரப்பர் செருப்பு. உயரம் மட்டும் ஒரு அங்குலம் குறையவில்லை. வள்ளியூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாளாம். பெல் அடிக்க, தண்ணீர் டிரம் நிரப்ப, சின்னப் பிள்ளைகளை வேனில் ஏற்ற. சாயங்காலம் நாலரைக்கு மேல் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு பேஸ்கட்பால் சொல்லிக் கொடுக்கிறாள். யாரும் கேட்கவில்லை, இவளாக. அந்தப் பெண்கள் இந்த வருடம் மாவட்டத்தில் முதலாவது.

"பேப்பர்ல போட்டோ வந்திச்சு மேடம். ஓரத்துல என் பாதிக் கை இருக்கும்."

"வாழ்த்துகள்ட்டி!"

"தாளாளர் ஐயா என்னையே கோச்சா போடுதேங்காவ. காலேஜ் டீம்ல ஆடுனதுக்கு ஒரு ஆதாரம் கொண்டா, முப்பதாந் தேதிக்குள்ளங்காவ. இல்லன்னா சர்டிபிகேட் உள்ள ஆளத்தான் போடணுமாம். ஸ்கூல் ரெண்டாந் தேதி தொறக்கு. நீங்க ஒரு கடுதாசி தந்தா போதும் மேடம்."

"அதுக்கென்ன, தந்தாப் போச்சு" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். டிரிபிளிங்குக்கு நல்லது, வாக்குக் கொடுக்க ஆகாது.

டீ குடித்தாள். பழைய பேச்சு ஒன்றும் எடுக்கவில்லை. போகும்போது அலமாரியில் இருந்த 2002 கோப்பையைப் பார்த்தாள். "தேய்க்கலாம்லா மேடம், கறுத்துப் போச்சே" என்றாள். அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

பழைய ஃபைல்களைக் குடைந்தேன். ஒரு பல்லி, இரண்டு விசில், 1998-ல் தொலைந்ததாகச் சக ஆசிரியை மேல் நான் பழி போட்ட ஸ்டாப் வாட்ச் எல்லாம் கிடைத்தன. (அவள் ரிட்டயர் ஆகிவிட்டாள். போன் செய்து சொல்லலாம். சொல்லப்போவதில்லை.)

2002 தகுதிப் பட்டியலின் நகலும் கிடைத்தது. போட்டிக்கு ஒரு மாதம் முன்பே பன்னிரண்டு பேர் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் இல்லாதவள் ஆடக் கூடாது. அதில் இசக்கியம்மாள் பெயர் இல்லை. அந்தக் காலத்து ஆபீஸ் அப்படி. டைப் அடித்தவர் விட்டிருப்பார்.

மே 11, ஞாயிறு

கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது பக்கத்து பெஞ்ச் ரூபி அக்காவின் புதுச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசதியாக இருந்தது.

மே 14, புதன்

இசக்கிக்குப் போன் போட்டேன். நல்ல யோசனை ஒன்று வைத்திருந்தேன். கல்லூரி லெட்டர்பேடும் என் சீலும் 31 வரை என் கையில். "இன்னாள் எங்கள் அணியின் கேப்டன்" என்றே எழுதித் தந்துவிட்டால் ஆயிற்று.

"நான் கேப்டன் இல்லையே மேடம்" என்றாள்.

"யாருட்டி இப்பம் போய்ப் பாக்கா?"

"ஐயா காலேஜுக்கே போன் போட்டுக் கேக்க ஆளு. அது கெடக்கட்டும் மேடம். ஒரு தடவ வசுமதியா ஆடியாச்சு. இன்னொரு தடவ வேற ஆளா ஆட வேண்டாம். நான் ஆடுனத ஆடுனமாரி எழுதித் தாங்க, போதும்."

சரி. எழுதத்தான் வேண்டும் போலிருக்கிறது, இங்கேயாவது.

2002 இறுதி ஆட்டம். பட்டியலில் இசக்கி பெயர் விட்டுப்போயிருந்தது. ஆனால் அவள் இல்லாமல் நாங்கள் அரையிறுதியிலேயே தடவிக்கொண்டிருந்தோம். பட்டியலில் ஒன்பதாம் எண் வசுமதி. நல்ல பிள்ளை. பந்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வாள், மற்றபடி குறை இல்லை. அடையாள அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம், அதன் மேல் பாதிக்குப் பாதி சீல். எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலைக்கு எல்லாப் பெண்களும் ஒரே முகம்தான். இசக்கியின் கையில் ஒன்பதாம் எண் ஜெர்ஸியைக் கொடுத்தேன்.

"அப்பம் நான் யாரு மேடம்?" என்று கேட்டாள்.

"நாலு குவார்ட்டர் முடியிற வரைக்கும் நீ வசுமதி."

நிஜ வசுமதியைக் கல்லூரி பஸ்ஸில் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு உட்கார வைத்தோம். பயத்தில் மூன்று பொட்டலம் எலுமிச்சைச் சோற்றைத் தின்று முடித்துவிட்டாள். மைதானத்தில் முதல் குவார்ட்டர் முழுக்க "வசு! வசு!" என்று கத்துகிறோம், இந்தப் பெண் திரும்பவே இல்லை. அவளுக்கு அவள் பெயர் பழகவில்லை. இரண்டாவது குவார்ட்டரில் பழகிவிட்டது. அப்புறம் அவள் ஆடிய ஆட்டத்தை நான் இந்த வயதுவரை மறுபடி பார்க்கவில்லை. பீடி சுற்றிப் பழகிய விரல்கள். பந்து அந்தக் கையில் ஒரு நொடிக்கு மேல் தங்காது, தவறியும் விழாது.

முப்பத்தொரு புள்ளி. ஸ்கோர் ஷீட்டில் ஒன்பதாம் எண், வசுமதி.

அதை வைத்து வசுமதியைப் பல்கலைக்கழக அணிக்கு எடுத்தார்கள். நிஜ வசுமதியைத்தான் அனுப்பினேன், வேறு வழி? முழங்கால் வலி என்று பெஞ்சிலேயே இருந்துவிட்டு, டிராக் சூட்டும் சான்றிதழுமாகத் திரும்பி வந்தாள். அந்தச் சான்றிதழில்தான் போலீஸ் வேலை.

இதையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் யாரோ செய்ததாக எத்தனை தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். எலுமிச்சைச் சோறு இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மே 17, சனி

8-ம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம்.

டைப் அடித்தவர் விடவில்லை. நகலில் ஏழாவது பெயர் 'வே. இசக்கியம்மாள்' என்று தெளிவாக இருக்கிறது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், திருத்தியவர் போட வேண்டிய சுருக்கொப்பம். 'எ.'

அந்த மாதம் ஆறு நாள் பிராக்டிசுக்கு வரவில்லை அவள். ஏழாவது நாள் வந்து நின்றாள். பன்னிரண்டு பேர் முன்னால் நான் கத்தினேன். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கோட்டைப் போட்டேன். "அம்மாக்குக் காய்ச்சல், கடைக்கு பீடி குடுக்கணும், வேற ஆளில்ல" என்று சாயங்காலம் வேறொரு பெண் வந்து சொன்னாள். பட்டியல் மேசைமேலேயே இருந்தது. போட்ட கோடு போட்டதாக இருக்கட்டும், கொஞ்சம் அடக்கம் வரட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

கோப்பை வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஹாஸ்டல் ஆபீஸில் கணக்கெடுத்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இலவசமாகத் தங்கியிருப்பவள் பெயர் அணிப் பட்டியலில் இல்லையே என்று கேட்டார்கள். இவள்தான் இறுதி ஆட்டம் ஆடினாள் என்று நான் எப்படிச் சொல்ல? தகரப் பெட்டியோடு கேட்டில் நின்றாள். நான் கோயம்புத்தூரில் கருத்தரங்கில் இருந்தேன்.

கருத்தரங்கு மறுநாள்தான். ஒரு நாள் முன்னதாகவே கிளம்பியிருந்தேன்.

மே 20, செவ்வாய்

வாசலில் போலீஸ் ஜீப். எங்கள் தெருவில் ஒரு ஜன்னல்கூட மூடியிருக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் இல்லாத கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டே நின்றாள். ஆசீர் அத்தான் பனியனோடு எழுந்து சல்யூட் அடித்துவிட்டார்.

வசுமதி காலில் விழப் போனாள், பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், ஒரு உதவி. அந்த 2002 ஃபைனல்ல எடுத்த போட்டோவ விழாவுல ஸ்க்ரீன்ல போடப் போறாங்களாம். வேண்டாம்னு பிரின்சிபால்ட்ட சொல்லுங்க."

"முதுகுதான தெரியுது. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா." ஆசீர் அத்தானின் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வருஷா வருஷம் போலீஸ் ஸ்போர்ட்ஸ் வரும். வசுமதியக் கூப்பிடு, முப்பத்தொரு பாயிண்டும்பாங்க. இருபது வருஷமா முழங்கால் வலி, முழங்கால் வலின்னு சொல்லிச் சொல்லி இப்பம் நெசமாவே நொண்டுதேன் மேடம். டாக்டர் ஸ்கேன் எடுத்துட்டு ஒண்ணுமே இல்லங்காரு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு பஸ்ல இருன்னீங்க, இருந்தேன். கையெழுத்துப் போடுன்னீங்க, போட்டேன். பதினெட்டு வயசு. எம்பொண்ணு இப்பம் பிளஸ் டூ. எங்கம்மா பெரிய பிளேயர்னு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கா." பிறகு மெதுவாக, "அவ எங்க இருக்கா மேடம், இசக்கி?"

"தெரியலையேம்மா" என்றேன்.

மே 23, வெள்ளி

எழுதிவிட்டேன். மூன்று தாளைக் கிழித்து, நாலாவதில்.

"வே. இசக்கியம்மாள் என்பவர் 2002-ஆம் ஆண்டு பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தில் எங்கள் கல்லூரிக்காக ஒன்பதாம் எண் சட்டையில், வேறொருவர் பெயரில், என் சொல்படி ஆடினார். அவர் எடுத்த புள்ளிகள் 31. அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியவள் நான்."

கையெழுத்து, தேதி, சீல். கவரில் போட்டுக் கைப்பையில் வைத்தாயிற்று. விழாவுக்கு வரும்படி இசக்கியிடம் சொன்னேன், அங்கேயே கையில் தருகிறேன் என்று.

மார்பில் இருந்து பந்து இறங்கியது மாதிரி இருக்கிறது. ராத்திரிக்கு நாலு தோசை.

மே 26, திங்கள்

ஓய்வூதியக் கோப்பு மேலிடத்தில் நிற்கிறதாம். "ஒரு புகார், ஒரு மொட்டைக் கடுதாசி கெடயாது மேடம், உங்க ஃபைல் மாரி சுத்தமான ஃபைல நான் பாத்ததில்ல. முப்பத்தொண்ணுக்குள்ள கையெழுத்தாயிரும்" என்றார் கிளார்க்.

இன்றைக்கு ஒரு தோசைதான் இறங்கியது.

மே 28, புதன்

விழா. பதினான்கு சால்வை. மே மாதத்துப் பாளையங்கோட்டையில் ஒரு மனுஷிக்குச் சால்வை போர்த்துகிறவர்களுக்கு என்ன தண்டனை என்று சட்டம் இயற்ற வேண்டும்.

போட்டோவைப் போட்டார்கள். (பிரின்சிபாலிடம் சொல்ல மறந்துவிட்டேன்.) திரை முழுக்க ஒன்பதாம் எண் முதுகு, இடுப்புவரை பின்னல், நீட்டிய கை, வளையத்துக்கு மேல் பந்து. "அன்று முப்பத்தொரு புள்ளி, இன்று காக்கிச் சட்டை!" என்றார் பிரின்சிபால். கைதட்டல். கடைசி வரிசையில் இசக்கி, நீலச் சேலை. அவளும் தட்டினாள்.

பிறகு எல்லோரையும் வெளியே கூட்டிப்போய்ப் புதுப்பித்த கோர்ட்டை வசுமதி கையால் திறக்க வைத்தார்கள். ரிப்பன் அல்ல, பந்து. ஒரு கூடை போட்டுத் திறக்க வேண்டுமாம். எந்தப் புண்ணியவதி யோசனையோ. வசுமதி பந்தை வாங்கினாள். நூறு செல்போன் அவளைப் பார்த்தது. வியர்த்தது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம், எவ்வளவு ஆடின கால்!" என்று பிரின்சிபால் மைக்கில் நெகிழ்ந்தார்.

இசக்கி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா என்று தெரியவில்லை.

என் முறை வந்தபோது கைப்பையை மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஸ்டாப் வாட்ச் கதையில் ஆரம்பித்தேன், சிரித்தார்கள். பட்டப்பெயர் கதை, இன்னும் சிரித்தார்கள். கூட்டம் சிரிக்கும்போது நிறுத்துவது எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இருபத்தைந்து நிமிடம் பேசினேன். என் வாழ்க்கையிலேயே நல்ல பேச்சு என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் இசக்கி வந்தாள். "மேடம், கடுதாசி?"

"எழுதிட்டேன்ட்டி. சீல் மட்டும் வைக்கணும். ஆபீஸ் பூட்டிருக்கு பாரு. ரெண்டு நாள் பொறு, நானே அனுப்புதேன்."

"முப்பதாந் தேதி மேடம்."

"ஞாபகம் இருக்கு."

சாப்பிட்டுப் போ என்றேன். நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடும் என்று கிளம்பிவிட்டாள். லீவிலும் பிராக்டிஸாம்.

மே 30, வெள்ளி

தபால் ஆபீஸ் பக்கத்துத் தெருதான். வெயில் அதிகம். போகவில்லை.

மே 31, சனி

கோப்பு கையெழுத்தாகிவிட்டது. ஓய்வூதியத்துக்குத் தடை இல்லை. அறைச் சாவியைக் கொடுத்தேன், சீலைக் கொடுத்தேன். விசிலை மட்டும் கொடுக்கவில்லை, அது என் சொந்தம். கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு வந்தேன். 2002 என்ற எழுத்து இப்போது நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 3, செவ்வாய்

"எங்க?" என்றார் ஆசீர் அத்தான். "வள்ளியூர்" என்றேன். "அங்க என்ன?" "ஒரு கடுதாசி." முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் ஒரு பதிலை ஒன்றிரண்டு வார்த்தையில் முடித்தது இதுதான் முதல் தடவை. பயந்துபோய் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர நாலேமுக்கால். கோர்ட் ஓரத்தில் நாற்காலி போட்டு ஒரு இளைஞர் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் புது விசில். புதிய கோச். நேற்றுத்தான் சேர்ந்தாராம். நல்ல பிள்ளை, எழுந்து வணக்கம் சொன்னார். எல்லாச் சான்றிதழும் இருக்கிறது.

கோர்ட்டுக்குள் இசக்கி சுண்ணாம்பு வாளியோடு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஆயா வேலையில் அதுவும் சேர்த்தி. பெண்கள் பந்தை வைத்துக்கொண்டு அவளைச் சுற்றியே நின்றார்கள், நாற்காலியைச் சுற்றி அல்ல.

நான் நேரே கோர்ட்டுக்குள்ளேயே நடந்துபோய்க் கவரை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். நின்றபடியே படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

"இருபத்திமூணாந் தேதியே எழுதிட்டியளா மேடம்?"

ஜோக் எதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"சீலும் வச்சிருக்கே."

"ஆமா."

தலையை ஆட்டினாள். மறுபடியும் படித்தாள். "இது வெளிய போனா வசுமதிக்கு வேலைக்கு ஆபத்துல்லா?"

"ஆமா. எனக்கும் பென்ஷன்ல சிக்கல் வரும். உன் கையில குடுத்தாச்சு, உன் இஷ்டம்."

"அடுத்த வருசம் பாப்போம்ங்காவ ஐயா" என்றாள். எதற்குப் பதில் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். நகத்தில் சுண்ணாம்பு. "ஒண்ணு தப்பா இருக்கு மேடம்."

"என்ன?"

"முப்பத்தொண்ணு இல்ல. முப்பத்திமூணு."

"ஷீட்ல முப்பத்தொண்ணுதானே..."

"கடைசி ரெண்டு பாயிண்ட ஆறாம் நம்பர் பேருல எழுதிட்டாவ. நான் அப்பமே பாத்தேன். மேசைக்குப் போயி நான்தான் போட்டேன்னு சொல்லணும்னு இருந்திச்சு. எப்பிடிச் சொல்ல? நான் வசுமதில்லா."

இருபத்துமூன்று வருடமாக முப்பத்தொன்று என்று நான் எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்.

பேனா கேட்டேன். வருகைப் பதிவேட்டில் சொருகியிருந்த பேனாவை ஒரு பெண் எடுத்து வந்தாள். சிவப்புப் பேனா. 31-ஐ அடித்தேன். மேலே 33 என்று எழுதினேன். பக்கத்தில் 'எ.' போட்டேன். அதே எழுத்துதான், அதே சாய்வு.

அவள் ஊதி மையைக் காய வைத்தாள். நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

"மேடம்."

"சொல்லுட்டி."

"கொஞ்சம் கோட்டுக்கு வெளிய நில்லுங்க. பிள்ளையள் ஓடணும்."

நின்றேன்.